இரட்டிப்பான இரக்கம்

வேதபகுதி: பிலிப்பியர் 2:25-30

பிலிப்பி சபையார் காவலிலிருந்த பவுலுக்குக் காணிக்கை அனுப்பினார்கள். அதைச் சுமந்துசென்றவர் எப்பாப்பிரோதீத்து. நிருபம் ரோமாபுரியிலிருந்து எழுதப்பட்டது என்பது சபையின் நெடுங்கால மரபு. அவ்வாறாயின் அவருடைய பயணம் ஆயிரம் கிலோமீட்டருக்கும் அதிகமானது. மக்கெதோனியாவைக் கடக்கும் எக்னாத்தியா நெடுஞ்சாலை, பின்பு அத்ரியா கடல், பின்பு அப்பியா சாலை எனப் பல வாரங்கள் நீண்டிருக்கும். காணிக்கை பத்திரமாய் வந்துசேர்ந்தது (4:18). கொண்டுவந்தவரோ வியாதிப்பட்டு மரணத்தின் வாசல்மட்டும் சென்றார்.

1. வியாதி அவிசுவாசத்தின் அடையாளமல்ல

மெலித்தா தீவில் புபிலியுவின் தகப்பன்மேல் பவுல் கைகளை வைத்து ஜெபித்தபோது அவர் சுகமடைந்தார் (அப். 28:8). ஆனால் அதே பவுல் துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதியுள்ளவராகவே விட்டுவர நேர்ந்தது (2 தீமோ. 4:20). தீமோத்தேயுவின் வயிற்று நோய்க்கு அவர் கூறியது எளிய மருத்துவ ஆலோசனையே (1 தீமோ. 5:23). தம்முடைய மாம்சத்திலிருந்த முள்ளுக்காக மூன்றுதரம் வேண்டிக்கொண்டும் அது நீக்கப்படவில்லை, அதைத் தாங்கும் கிருபையே கொடுக்கப்பட்டது (2 கொரி. 12:7-9).

எப்பாப்பிரோதீத்துவின் நோய் இன்னதென்றும், அது எவ்விதம் நீங்கிற்றென்றும் நிருபம் கூறவில்லை. அவருடைய விசுவாசத்தில் குறை இருந்ததாகப் பவுல் ஓரிடத்திலும் சுட்டவில்லை; சுகத்திற்குத் தம்முடைய ஜெபத்தைக் காரணமாக்கவுமில்லை. தேவன் இரங்கினார் என்பதொன்றே அவர் தரும் விளக்கம். சுகம் விசுவாசத்திற்குக் கிடைக்கும் கூலியன்று; அது இரக்கம். படுக்கையிலிருக்கும் விசுவாசியிடம் அவருடைய பாவத்தைத் தேடிச் செல்கிறவர்கள் யோபுவின் நண்பர்களைப் பின்பற்றுகிறார்கள், பவுலை அல்ல.

2. நட்பு துயரத்தைப் பங்கிட்டுக்கொள்ளுகிறது

தாம் வியாதிப்பட்ட செய்தி பிலிப்பியரை எட்டியதே என்று எப்பாப்பிரோதீத்து வியாகுலப்பட்டார். தம் வேதனையைவிட, தமக்காக வருந்துகிறவர்களின் வேதனை அவரை அதிகமாய் வாட்டிற்று. இங்கே பயன்படும் அதே கிரேக்க வினைச்சொல், கெத்செமனேயில் ஆண்டவருடைய வியாகுலத்தைக் கூறவும் வருகிறது (மத். 26:37).

பவுலோ, தேவன் எப்பாப்பிரோதீத்துவுக்கு மட்டுமன்றித் தமக்கும் இரங்கினதாக எழுதுகிறார். நண்பர் மரித்திருந்தால் சிறையின் துக்கத்தோடு அந்தத் துக்கமும் சேர்ந்திருக்கும். ஒருவர் சுகமடைந்தார், இருவர் இரக்கம் பெற்றார்கள். மரணத்தை ஆதாயமென்று எழுதின அப்போஸ்தலர் (1:21), நண்பரின் மரணத்தை நினைத்துக் கலங்கியதை மறைக்கவில்லை. விசுவாசம் கண்ணீரை விலக்கிவிடுவதில்லை.

3. திரும்பி வருகிறவர் கனத்திற்குரியவர்

பவுலுக்குப் பணிவிடை செய்ய அனுப்பப்பட்டவர் இப்போது வீடு திரும்புகிறார். பணி பாதியில் நின்றது என்று சபையில் முணுமுணுப்பு எழக்கூடும். ஆகவே பவுல் முந்திக்கொள்ளுகிறார். சகோதரன், உடன் ஊழியன், உடன் போர்ச்சேவகன், சபையின் தூதன், தம் குறைவில் உதவினவன் என்று ஐந்து பெயர்களால் அவரைச் சிறப்பித்து, சந்தோஷமாய் ஏற்றுக்கொண்டு கனம்பண்ணும்படி கேட்கிறார். அவர் உயிரைப் பணயம் வைத்தவர் என்று சாட்சியும் கொடுக்கிறார். இச்சொல்லோடு உறவுடைய பெயரால், பிற்காலத்தில் அலெக்சாந்திரியாவில் நோயாளிகளைப் பராமரித்த ஒரு கூட்டத்தார் அழைக்கப்பட்டார்கள்.

இப்பாடம் இன்றைய சபைக்கு மிக அவசியமானது. ஜெபத்தோடு தொலைவான பணித்தளத்திற்கு அனுப்பப்பட்ட ஊழியர் மலேரியாவினாலோ மனச்சோர்வினாலோ உடைந்து திரும்பும்போது, வழியனுப்பக் கூடிய கூட்டம் வரவேற்கக் கூடுவதில்லை. எத்தனை ஆத்துமாக்கள் என்ற கேள்வி எழுகிறது. எப்படியிருக்கிறீர்கள் என்ற கேள்வி எழுவதில்லை. அவருடைய கட்டிலருகே அமர்ந்து கஞ்சி கொடுப்பதும், மருத்துவரிடம் அழைத்துச் செல்வதும், மௌனமாய் ஜெபிப்பதும் தேவ இரக்கம் வந்துசேரும் வழிகளே. சரீரசுகம் தாமதித்தாலும், அவ்விரக்கம் தாமதிக்கவேண்டியதில்லை.

சிந்தனைக்கு:

1. சபையில் நெடுநாளாய் வியாதிப்பட்டிருப்பவர் கடைசியாக எப்போது சந்திக்கப்பட்டார்?

2. சுகவீனத்தால் ஊழியத்திலிருந்து திரும்பியவருக்குச் சபை கொடுத்தது கனமா, கேள்விகளா?