ஒரே வாள், ரெண்டு உலகம்: பிவிபியும் பிவிஈயும் ஏன் ஒத்துப்போறதில்லை?

இந்த வார எபிசோட்டில ஒன்லைன் ரோல்-பிளேயிங் கேம்களைப் பற்றிக் கதைச்சோம். ஒரு விஷயத்தை நேரம் இல்லாமல் மேலோட்டமாத் தொட்டுவிட்டு ஓடிட்டம்: ஆளோட ஆள் சண்டை பிடிக்கிறதையும், எல்லாரும் சேர்ந்து கேமோட சண்டை பிடிக்கிறதையும் ஒரே உலகத்துக்குள்ள எப்படி வைக்கிறது? அதை இங்க எழுத்தில, கணக்கோட, ஆறுதலாப் பார்ப்பம். கோடிங் தெரியாட்டியும் பரவாயில்லை. பெருக்கல் வகுத்தல் தெரிஞ்சால் போதும்.

1. தேரும் கிளித்தட்டும்

டொலார்-தே-ஓர்மோ முருகன் கோயில் தேரில நீங்கள் வடம் பிடிச்சிருப்பீங்கள். பாரமான தேர், நூறு கை, எல்லாரும் ஒரே பக்கம் இழுக்கினம். தேருக்கு உங்களோட கோபம் ஒண்டும் இல்லை. அது பாரம், அவ்வளவுதான். இதுதான் பிவிஈ, அதாவது ஆளுக்கு எதிரில் சூழல்.

கிளித்தட்டு வேற. அப்பா அம்மாவைக் கேளுங்கோ, சொல்லுவினம். கோட்டில நிக்கிறவர் உங்கட கண்ணைப் பார்க்கிறார், நீங்கள் எந்தப் பக்கம் பாயப்போறீங்கள் என்று யோசிக்கிறார், நீங்கள் அவரை ஏமாத்தப் பார்க்கிறீங்கள். இதுதான் பிவிபி, ஆளுக்கு எதிரில் ஆள்.

ரெண்டுமே நல்ல விளையாட்டு. ஆனால் தேர் இழுக்கிற வீதியிலேயே கிளித்தட்டும் நடந்தால், வடம் பிடிச்சவருக்கும் எரிச்சல், கோட்டில நிக்கிறவருக்கும் எரிச்சல். ஒன்லைன் கேம் செய்யிறவர்களுக்குக் கன காலமா இருக்கிற தலையிடி இதுதான்.

2. சராசரி சரி, சண்டை பிழை

இப்ப கணக்கு. ஒரு கேமில ரெண்டு வீரர் என்று வைப்பம். எண்கள் நான் உதாரணத்துக்கு எடுத்தவை.

முதலாமவர் ஒரு பெரிய அடி வைத்திருக்கிறார்: 50,000 டமேஜ், 60 செக்கனுக்கு ஒரு தரம். ரெண்டாமவர் சின்ன அடி: 5,000 டமேஜ், 6 செக்கனுக்கு ஒரு தரம்.

பொஸ் சண்டை 6 நிமிஷம். முதலாமவர் 6 தரம் அடிப்பார், மொத்தம் 300,000. ரெண்டாமவர் 60 தரம் அடிப்பார், மொத்தம் அதே 300,000. செக்கனுக்கு 833 அளவில். ரெண்டு பேரும் சமம். டிசைனர் சந்தோஷமா வீட்டுக்குப் போகலாம்.

இப்ப அதே ரெண்டு பேரையும் 50,000 உயிர் உள்ள ஒரு ஆளுக்கு முன்னால விடுங்கோ. முதலாமவர் ஒரே அடியில கதையை முடிச்சிடுவார். ரெண்டாமவருக்கு பத்து அடி வேணும். முதல் அடி பூச்சியமாவது செக்கனில என்றால் பத்தாவது அடி 54ஆவது செக்கனில. அதுக்குள்ள மற்றவர் ஓடியிருப்பார், தன்னைக் குணமாக்கியிருப்பார், இல்லாட்டி இவரைக் கொன்றிருப்பார்.

சராசரி ஒண்டுதான். ஆனால் பொஸ் சண்டையில சராசரி முக்கியம், ஆளோட சண்டையில உச்சம் முக்கியம். ஒரே எண் ரெண்டு வேற கேள்விக்குப் பதில் சொல்லப் பார்க்குது. அதுதான் சிக்கலின் வேர்.

இன்னும் ரெண்டு உதாரணம். நாலு செக்கன் ஸ்டன்: பெரிய பொஸ்கள் பலதுக்கு அது வேலையே செய்யாது. ஆளுக்குப் போட்டால் நாலு செக்கன் என்பது மரண தண்டனை. டாங்க்: அவர் 'டோன்ட்' அழுத்தினால் மொன்ஸ்டர் அவரைத்தான் அடிக்கும், ஏனென்றால் கோட் அப்படிச் சொல்லுது. மனுசருக்கு அந்தக் கோட் இல்லை. டாங்கைச் சுத்திப் போய் நேரா ஹீலரைத்தான் அடிப்பினம்.

நான் கொன்ட்ராக்டில பார்க்கிற வேலையில கேம் எதுவும் இல்லை. ஆனால் இதே பிரச்சினை அங்கேயும் இருக்கு: கணக்குப் பகுதியும் களஞ்சியப் பகுதியும் டேட்டாபேஸில ஒரே கட்டத்தைப் பாவிக்கும். ஒருவருக்காக அதை மாத்தினால் மற்றவருக்கு உடையும். இதை நாங்கள் 'கப்ளிங்' என்போம். பிவிபிக்காக வாளைக் குறைச்சால் பொஸ் அடிக்கிறவருக்கு வாள் மொட்டையாகும். அச்சொட்டாய் அதே நோய்.

3. இதுவரை முயன்ற வைத்தியங்கள்

அ) எண்ணைப் பிரிக்கிறது. 2005இல் வந்த கில்ட் வோர்ஸ், 2008இல் சில திறன்களுக்கு ரெண்டு பதிப்பு கொடுத்தது. ஊருக்கு வெளியே மொன்ஸ்டரோட ஒரு எண், அரங்கத்தில ஆளோட வேற எண். கப்ளிங்கை அறுக்கிற நேரடி வழி. விலை என்னவென்றால், ஆட்கள் ஒரே பெயருள்ள திறனை ரெண்டு தரம் படிக்க வேணும்.

ஆ) கவசத்தைப் பிரிக்கிறது. வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட் 2007இல், பேர்னிங் குருசேட் வந்தபோது, 'ரெசிலியன்ஸ்' என்று ஒரு எண்ணைக் கொண்டு வந்தது. ஆளின் அடியைத் தாங்குறதுக்கான எண். விளைவு: ஒவ்வொருவருக்கும் ரெண்டு உடுப்புப் பெட்டி வேணும். பொஸ் அடிச்சு நல்ல கவசம் எடுத்தவர் அரங்கத்துக்குப் போனால் கடதாசி மாதிரிக் கிழிவார்.

இ) எல்லாருக்கும் ஒரே எண். 2012இல் வந்த கில்ட் வோர்ஸ் 2, அரங்கத்துக்குள்ள வந்தவுடன் உங்கட சொந்தக் கவசத்தை மறந்துவிட்டு, எல்லாரையும் ஒரே மட்டத்தில நிற்பாட்டும். வோர்கிராஃப்டும் 2016இல், லீஜனில, இந்த வழியால போய்ப் பார்த்தது. நியாயமான வழி. ஆனால் மூண்டு மாசம் பாடுபட்டு எடுத்த வாளுக்கு அங்க மதிப்பில்லை. ரோல்-பிளேயிங் கேமில வளர்ச்சிதான் ருசி. உப்புக் குறைஞ்ச கறி மாதிரி வரும்.

ஈ) ஆளையே கேட்கிறது. 2018இல் வோர்கிராஃப்ட் 'வோர் மோட்' கொண்டு வந்தது. ஊரில இருக்கும்போது சுவிட்சைப் போட்டால் வெளியில ஆளோட சண்டை, போடாட்டி இல்லை. போட்டவருக்குக் கூடுதல் பரிசு. பிறகு ஒரு பக்கத்தில ஆள் நிறைய, மறுபக்கத்தில குறைய. அதனால ஆள் குறைஞ்ச பக்கத்துக்கு அந்தப் பரிசைக் கூட்டவேண்டி வந்தது. சுவிட்ச் போட்டவுடன் பிரச்சினை முடியாது. அது சனத்தொகைப் பிரச்சினையாக மாறும்.

4. முயல்கள் ஏன் காணாமல் போச்சு

இந்தச் சரித்திரத்தில எல்லாரும் படிக்க வேண்டிய பாடம் அல்டிமா ஒன்லைன். 1997 செப்டெம்பரில வந்தது. ரிச்சர்ட் கேரியட் உருவாக்கின உலகம், தலைமை டிசைனர் ராஃப் கோஸ்டர். உண்மையான காடு போல ஒரு சூழலைக் கட்ட நினைச்சினம்: புல்லை முயல் தின்னும், முயலை ஓநாய் தின்னும், முயல் குறைஞ்சால் ஓநாய் ஊர்ப்பக்கம் வரும். சேர்வரைத் திறந்தவுடன் சனம் உள்ள வந்து கண்ணில பட்டதையெல்லாம் வெட்டித் தள்ளினது. முயல் பிறக்கிற வேகத்தைவிட சாகிற வேகம் கூட. அந்தச் சூழல் முறையைக் கடைசியில எடுக்கவேண்டி வந்தது.

பிறகு அதே கதை ஆட்களுக்குள்ளேயும் நடந்தது. ஊருக்கு வெளியே யாரும் யாரையும் கொல்லலாம், பொருளை எடுக்கலாம். புதுசா வந்து மரம் வெட்டிக்கொண்டு நிண்டவர்தான் முயல். ஆனால் ஒரு வித்தியாசம்: காட்டு முயலால் காட்டை விட்டுப் போக முடியாது. சந்தா கட்டின முயலால் முடியும். அது சந்தாவை நிறுத்திவிட்டு வேற கேமுக்குப் போகும். போகப் போக ஓநாய்க்கு ஓநாய்தான் மிச்சம். அதைத்தான் ஓநாய்க்குப் பிடிக்காது.

2000இல், ரெனைசன்ஸ் என்ற விரிவாக்கத்தில, உலகத்தையே ரெண்டாக்கினார்கள். ஃபெலுக்கா பழைய சட்டத்தோட. டிராமெல்லில உங்கட சம்மதம் இல்லாமல் உங்களை யாரும் அடிக்க முடியாது. பெரும்பாலான சனம் டிராமெல்லுக்கு வீடு மாறினது. கேமின் சந்தாதாரர் எண்ணிக்கை 2003 அளவில் இரண்டரை லட்சம் வரை போனது. வியாபாரமாப் பார்த்தால் சரியான முடிவு.

ஆனாலும் அந்தக் காலத்துச் சனம் இண்டைக்கும் அதைப் பற்றிச் சண்டை பிடிக்கும். ஏனென்றால் பயத்தோட சேர்ந்து வேற ஒண்டும் போச்சு. காட்டுக்குள்ள ஆபத்து இருந்தபோது துணைக்கு ஆள் தேவைப்பட்டது, காவலுக்கு நிண்டவருக்கு மரியாதை இருந்தது, பத்திரமா வீடு திரும்பினது ஒரு கதையாக இருந்தது. ஆபத்து இல்லாத காட்டில மரம் வெட்டுறது வெறும் வேலை. இப்ப ரெண்டு பக்க நியாயமும் உங்களுக்கு விளங்கும் என்று நினைக்கிறன்.

இந்தப் பாடத்தை மற்றவர்கள் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டியிருந்தது. அமேசனின் நியூ வேர்ல்ட், 2021இல் வெளியாகும் முன்னமே, எல்லாருக்கும் கட்டாய பிவிபி என்ற திட்டத்தைக் கைவிட்டது. சோதனையில உயர்ந்த லெவல்காரர் புதியவர்களை வேட்டையாடினதுதான் காரணம்.

5. சுவர் வேண்டாம், சரிவு போதும்

எனக்குப் பிடிச்ச விடை 2003இல் வந்த ஈவ் ஒன்லைன். அங்க சுவர் இல்லை, சரிவு இருக்கு. ஒவ்வொரு சூரியத் தொகுதிக்கும் 1.0 தொடக்கம் -1.0 வரை பாதுகாப்பு எண். 0.5இலும் அதுக்கு மேலயும், காரணமில்லாமல் யாரையாவது சுட்டால் கொன்கோர்ட் என்ற பொலிஸ் வந்து சுட்டவரின் கப்பலை அழிக்கும். கவனியுங்கோ: அது உங்களைக் காப்பாத்தாது, அவரைத் தண்டிக்கும். அதனால கொள்ளைக்காரர் கணக்குப் பார்ப்பார்: உங்கட சரக்கின் விலை, தான் இழக்கப்போற கப்பலின் விலையைவிடக் கூடவா? பத்துக் கப்பல் பெறுமதியான சரக்கை ஒரே கப்பலில ஏத்தினால்தான் ஆபத்து. வம்புக்கு ஒரு விலை வைச்சுவிட்டார்கள்.

கீழே போகப் போக பொலிஸ் இல்லை, பயம் கூட, வருமானமும் கூட. அதைவிட முக்கியம்: சண்டையில உடையிற கப்பலை யாரோ செய்ய வேணும், அதுக்கு யாரோ தாது தோண்ட வேணும். 2014 ஜனவரியில பி-ஆர்5ஆர்பி என்ற இடத்தில நடந்த ஒரே சண்டையில 75 டைட்டன் கப்பல்கள் அழிஞ்சது. அவ்வளவும் அமைதியாத் தோண்டினவர்களின் உழைப்பு. சண்டைக்காரருக்குத் தோண்டுறவர் தேவை, தோண்டுறவருக்குச் சண்டைக்காரர் வாடிக்கையாளர். தேரும் கிளித்தட்டும் ஒரே ஊரில, வேற வேற வீதியில, ஒரே சந்தையில சாமான் வாங்கிக்கொண்டு.

6. மச்சானும் மில்லிசெக்கனும்

எங்கட பிள்ளையளுக்கு இன்னொரு கணக்கு இருக்கு. மொன்ட்ரியால்-நோரில நான், கொழும்பில மச்சான், லண்டனில சித்தப்பாவின் மகள். எல்லாரும் ஒரே கேமில சந்திக்க வேணும்.

ஃபைபருக்குள்ள ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 200,000 கிலோமீட்டர் போகும். இங்க இருந்து கொழும்பு, நேர்கோட்டில 13,000 கிலோமீட்டர் என்று வையுங்கோ. போக 65 மில்லிசெக்கன், வர 65, மொத்தம் 130. கேபிள் நேர்கோட்டில போறதில்லை, இடையில ரூட்டர்கள் வேற. உண்மையில அதைவிட நிறையக் கூடும். எந்தக் கொம்பனியாலும் இதைக் குறைக்க முடியாது, இது பௌதிகம்.

எங்கட நகரத்திலேயே, யூபிசொஃப்ட் மொன்ட்ரியாலில், செய்த ஃபோர் ஹானரை எடுங்கோ. 2017இல் வந்தது. அதில ஒரு வாள்வீச்சு அரைச் செக்கன் அளவில முடியும். அதைக் கண்டு, பக்கம் பார்த்து, தடுக்க வேணும். அரைச் செக்கனில 200 மில்லிசெக்கன் கடலுக்கடியில போனால் மச்சானுக்கு என்ன மிஞ்சும்? ஆனால் ரெண்டு பேரும் ஒரே பக்கம் நிண்டு பொஸ் அடிச்சால், நிலத்தில சிவப்பு வட்டம் வந்து ரெண்டு மூண்டு செக்கன் கழிச்சு வெடிக்கும். அதுக்கு 200 மில்லிசெக்கன் ஒரு பொருட்டே இல்லை. கண்டம் விட்டுக் கண்டம் சிதறின குடும்பத்துக்கு பிவிஈ என்பது சோம்பேறிகளின் முறை இல்லை. சேர்ந்து விளையாட மிஞ்சியிருக்கிற நியாயமான முறை.

அதே ஃபோர் ஹானரில நாங்கள் மேல பார்த்த கவசப் பிரச்சினையும் இருந்தது. ஒண்டுக்கு ஒண்டு சண்டையில கவச எண்கள் வேலை செய்யாது, நாலுக்கு நாலில வேலை செய்யும். திறமையா, கவசமா என்று சனம் கேட்டது. பிறகு அந்த எண்களை எடுத்துவிட்டு வேற முறை கொண்டு வந்தார்கள். 2018 அக்டோபரில, மார்ச்சிங் ஃபயரோட, ஆர்கேட் என்ற பிவிஈ முறையும் சேர்ந்தது. முழுக்க ஆளோட ஆள் சண்டைக்குப் பேர்போன கேமுக்குக் கூட, கொஞ்சம் தேர் தேவைப்பட்டது.

7. வீட்டுப்பாடம்

நீங்கள் விளையாடுற கேம் ஒண்டை எடுத்து மூண்டு கேள்வி கேளுங்கோ. ஒண்டு: இதில எந்த எண்ணை ரெண்டு முறையும் பங்குபோடுது? ரெண்டு: தோக்கிறவர் எதை இழக்கிறார், வெல்லுறவர் எதைப் பணயம் வைக்கிறார்? ஒரு பக்கம்தான் இழக்குது என்றால் அது சண்டை இல்லை, வேட்டை. மூண்டு: சண்டை வேண்டாம் என்கிறவர் போனால், சண்டை வேணும் என்கிறவருக்கு என்ன மிஞ்சும்?

விடையை ஒரு பக்கத்துக்குள்ள எழுதிப் பாருங்கோ. இந்த நகரத்தில கேம் கொம்பனிகளுக்குக் குறைவில்லை. இன்டர்வியூவில அப்படி ஒரு பக்கம் கையில இருக்கிறது, எத்தனை லெவல் ஏறினீங்கள் என்று சொல்லுறதைவிட நல்லா வேலை செய்யும். அடுத்த எபிசோட்டில கேமுக்குள்ள பணவீக்கம். அதுவரைக்கும் மச்சானோட ஒரு பொஸ்ஸாவது அடிச்சு முடியுங்கோ.