ஃபேஸ் வாஷ் போட்டால் புற்றுநோய் வருமா?

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகள் ஆறு மாதமாக ஃபேஸ் வாஷ் போடுகிறாள். முகம் இழுத்துப் பிடிக்கிறது என்கிறாள். கன்னத்தில் செதில் செதிலாக உரிகிறது. அதில் இருக்கும் 'சோடியம் லாரில் சல்பேட்' புற்றுநோயைக் கொண்டுவரும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. எங்கள் வீட்டில் போர் தண்ணீர்தான்.
– எஸ்.கே., நாகல் நகர், திண்டுக்கல்.

பதில்: இன்றைக்கு நிம்மதியாகத் தூங்குங்கள், அம்மா. இந்தப் பொருளால் புற்றுநோய் வரும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. வாட்ஸ்அப் பிறப்பதற்கு முன்பே, 1990களின் கடைசியில், மின்னஞ்சலில் சுற்றிய பழைய புரளி இது.

ஆனால் மகள் சொல்வது பொய்யில்லை. சோடியம் லாரில் சல்பேட் ஒரு சர்ஃபாக்டன்ட் (எண்ணெயையும் நீரையும் சேர்த்துப் பிடித்து அழுக்கை இழுக்கும் நுரைப்பொருள்). பூந்திக்கொட்டையின் நுரையும் இந்த வேலையைத்தான் செய்கிறது. ஆனால் சல்பேட் கொஞ்சம் முரட்டு ஆள்: அழுக்கோடு தோலுக்குக் காவலான கொழுப்பையும் உருவிவிடும். ஆய்வகத்தில் தோலில் வேண்டுமென்றே எரிச்சல் உண்டாக்கிப் பார்க்க இதைத்தான் தடவுவார்கள்.

போர் தண்ணீர் என்று கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். என் சந்தேகம் அங்கேதான். உங்கள் பக்கெட்டின் உள்பக்கத்தை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். வெள்ளையாகப் பெயர்ந்து வந்தால் அது சுண்ணாம்புச் சத்து. 2018இல் ஷெஃபீல்டு பல்கலைக்கழகமும் லண்டன் கிங்ஸ் கல்லூரியும் சேர்ந்து செய்த ஆய்வில், கடினநீரில் (கால்சியம், மெக்னீசியம் மிகுந்த உப்புத் தண்ணீர்) கழுவும்போது இந்த சல்பேட் தோலில் கூடுதலாகத் தங்கி எரிச்சலைக் கூட்டுவது தெரிந்தது. முகம் சரியாகச் சுத்தமாகவில்லையோ என்று பிள்ளைகள் மறுபடி மறுபடி கழுவுவார்கள். கேட்டுப் பாருங்கள், உங்கள் மகளும் நாலைந்து தடவை கழுவுகிறாளாக இருக்கும்.

காலையில் வெறும் தண்ணீர் போதும். இரவில் ஒரே ஒரு தடவை, பட்டாணி அளவு ஃபேஸ் வாஷ், அரை நிமிடம். கடைசி இரண்டு குவளை மட்டும் போர் தண்ணீராக இல்லாமல், மாநகராட்சிக் குழாயில் வரும் ஆத்தூர் அணைத் தண்ணீராக இருக்கட்டும். முகத்தைத் துண்டால் ஒற்றியெடுத்து, ஈரம் காயும் முன் வாசனையில்லாத மாய்ஸ்சரைசர் தடவச் சொல்லுங்கள். அடுத்த முறை வாங்கும்போது டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள்; 'டெசில் குளூகோசைடு' போன்றவை சாதுவானவை. முன்பக்கத்தில் 'சல்பேட் இல்லை' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதை மட்டும் நம்பிக் காசு கூடுதலாகக் கொடுக்காதீர்கள். கடலைமாவைப் போட்டுத் தேய்ப்பதும் உரிகிற தோலுக்கு இப்போது வேண்டாம்.

மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு மட்டும் கூடவே கூடாது. முதலில் பளபளக்கும், பிறகு தோல் மெலிந்து சிவந்துபோகும். இரண்டு வாரத்தில் உரிவது நிற்காவிட்டாலோ, நீர் கசிந்தாலோ, தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். போகும்போது அந்த ஃபேஸ் வாஷ் டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்கள்.