பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் பயிலல்

உயர்தர வகுப்பு மாணவர் சிலர், பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தைச் சிறப்புப் பாடமாகக் கற்கலாமோ என நம்மை வினவுவதுண்டு. தமிழாசிரியரிடம் கேட்கத்தக்க வினாவோ இது என நகைப்பாரும் உளர். ஆயினும் அவ்வாறு வினவுவோர் பெரும்பாலும் தமிழ்ச் செய்யுளிற் சுவை கண்ட மாணவரே. அவர்தம் ஐயம் இரண்டு. ஆங்கிலம் பேசாத இல்லத்திற் பிறந்தார்க்கு அக்கல்வி கைகூடுமோ என்பது ஒன்று. அதனை மேற்கொண்டால் தமிழறிவு குன்றுமோ என்பது மற்றொன்று. இவற்றுக்கு விடை கூறுமுன், ஆங்கு ஆங்கிலம் என்னும் பெயராற் கற்பிக்கப்படுவது யாதென அறிதல் வேண்டும். பிழையறப் பேசவும் எழுதவும் பழக்குதல் அன்று அது. அத்திறமை வாயிலிற் காட்டவேண்டிய சீட்டு. உள்ளே நிகழ்வது வேறு.

இங்கிலாந்திலேயே இப்பாடம் மிகப் பழையதன்று. ஒக்ஸ்போட்டிலும் கேம்பிறிட்ஜிலும் நெடுங்காலம் இலத்தீனும் கிரேக்கமுமே உயர்ந்த இலக்கியக் கல்வியாக மதிக்கப்பட்டன. இலண்டனில் 1828இல் ஆங்கிலத்துக்குப் பேராசிரியர் ஒருவர் நியமிக்கப்பட்டார். கேம்பிறிட்ஜில் ஆங்கிலம் தனிச் சிறப்புப் பாடமாக அமைந்தது 1917இலேதான். கவிஞரைப்பற்றி வீண்பேச்சுப் பேசுதற்கும் ஒரு பட்டமா என ஒக்ஸ்போட் வரலாற்றுப் பேராசிரியர் பிறீமன் எள்ளினார். அங்கே 1885இல் மொழிக்கும் இலக்கியத்துக்கும் சேர்த்து அமைக்கப்பட்ட ஆசனத்தில் நேப்பியர் என்னும் மொழிநூலறிஞர் அமர்த்தப்பட்டபோது இலக்கிய அன்பர் வெகுண்டனர். மொழியா, இலக்கியமா என்னும் அவ்வழக்கு முற்றாகத் தீர்ந்ததெனக் கூறுதற்கில்லை. எழுத்தையும் சொல்லையும் பொருளையும் ஒரே நூலுள் வைத்த தொல்காப்பியரைப் பயின்றார்க்கு இப்பிணக்கு வியப்பாகவே தோன்றும்.

மொழிப்பகுதியை வறண்டதெனக் கருதி மாணவர் அஞ்சுவர். அஞ்சவேண்டுவதில்லை. வீரப்பட்டம் பெற்றவனைக் குறிக்கும் ‘நைற்’ என்னும் சொல்லை எழுதுங்கால் ஒலியாத எழுத்துக்கள் மூன்று இடையே நிற்கின்றன. அவற்றை மனனஞ் செய்யத் தவறிப் பிரம்படி பெற்றோர் பழைய மாணவருள் உளர். பிரம்பெடுத்த ஆசிரியர் கூறாத செய்தி ஒன்றுண்டு. 1400இல் மறைந்த சோசரின் காலத்தில் அவ்வெழுத்துக்கள் ஒலிக்கப்பட்டன. ஒலி தேய்ந்தது, எழுத்து நின்றது. இன்னும் பழைய காலத்தில் அச்சொல்லின் பொருள் சிறுவன், ஏவலாள் என்பதே. கயவனைக் குறிக்கும் ‘நேவ்’ என்ற சொல்லும் தொடக்கத்திற் சிறுவனையே குறித்தது. சிறுவர் இருவருள் ஒருவன் வீரனாக உயர்ந்தான். மற்றவன் கயவனாகத் தாழ்ந்தான். நறுமணத்தைக் குறித்த ‘நாற்றம்’ தமிழில் எய்திய நிலையை அறிந்த மாணவனுக்கு இது விளங்க எவ்வளவு நேரம் செல்லும்?

மற்றோர் உதாரணம், சைவ வாசகர் பொறுத்தருள்க. மாடும் ஆடும் உயிருடன் நிற்கும்போது ஆங்கிலத்தில் அவற்றுக்குப் பழைய ஆங்கிலப் பெயர்கள். இறைச்சியாகி மேசைக்கு வந்ததும் ‘பீஃப்’, ‘மட்டன்’ என்னும் பிரெஞ்சு வழிப் பெயர்கள். 1066இல் நோர்மானியர் இங்கிலாந்தை வென்றபின் பிரெஞ்சு மொழி ஆள்வோர் மொழியாயிற்று. மேய்த்தவன் மொழி தொழுவத்திலும் உண்டவன் மொழி உணவுமேசையிலும் நிலைத்தன என அறிஞர் பலர் இதனை விளக்குவர். பிறமொழியால் ஆளப்பட்ட நாட்டினர்க்கு இவ்வரலாறு அந்நியமானதன்று.

இலக்கியப் பகுதியில் இடர் வேறு வகையினது. கேம்பிறிட்ஜில் ஆசிரியராயிருந்த ஐ. ஏ. றிச்சாட்ஸ், கவிதைகள் சிலவற்றை ஆசிரியர் பெயரை மறைத்து மாணவர் கையிற் கொடுத்து, கருத்தை எழுதித் தருமாறு கேட்டார். அம்முடிவுகளை 1929இல் நூலாக வெளியிட்டார். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டு அப்பாடத்தையே கற்ற மாணவருள்ளும் பலர் செய்யுளின் நேர்ப்பொருளையே தவறவிட்டனர். டன், ஹொப்கின்ஸ் முதலிய பெருங்கவிஞர் பாடல்களைப் பலர் இகழ்ந்தனர். ஆங்கில இல்லத்திற் பிறத்தல் ஒன்றே போதாதென்பதற்கு வேறு சான்று வேண்டா. அன்றுமுதல், பெயரும் குறிப்புமின்றிச் செய்யுளை நேர்நின்று படித்தல் இக்கல்வியின் பெரும்பகுதியாயிற்று.

இச்சொல் ஈண்டு ஏன் நின்றது, வேறொன்று நில்லாதது ஏன் என்னும் வினா பரிமேலழகரைப் படித்தார்க்குப் புதிதன்று. உரைமரபிற் பயின்ற மாணவன் வெறுங்கையனாய்ச் செல்லவில்லை என்பதே நம் கருத்து. எனினும் அம்மரபே அவனுக்கு இடையூறாதலும் உண்டு. உரையாசிரியர் வினவிய முறையைக் கொள்ளாது விடையை மாத்திரம் மனனஞ் செய்பவன், ஷேக்ஸ்பியருக்கும் பரீட்சைக் குறிப்பொன்றையே தேடுவான், நாடகத்தைத் திறவான். அத்தகையோர்க்கு இப்பாடத்தை யாம் விதந்துரையோம்.

நம் நாட்டில் 1921இல் கொழும்பிற் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியபின்னும் மாணவர் இலண்டன் பரீட்சைக்கே தோற்றினர். 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றியது. ஆங்கிலப் பேராசிரியர் லுடோவைக் அங்கு இலக்கியத்தோடு நாடக மேடையையும் வளர்த்தார். இன்று பேராதனையில் மட்டுமன்றி யாழ்ப்பாணத்திலும் ஆங்கிலத்திற் பட்டம் பெறலாம். தமிழ் குன்றுமோ என அஞ்சுவோர் சுவாமி விபுலானந்தரை நினைக்க. விஞ்ஞானப் பட்டதாரியாகிய அவர் ஷேக்ஸ்பியர் நாடகங்களை ஆழக் கற்று 1926இல் ‘மதங்க சூளாமணி’ என்னும் நாடகத் தமிழ் நூலைத் தந்தார். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியருமானார்.

செல்ல விரும்பும் மாணவர் இப்பொழுதே செய்யத்தக்கது ஒன்றுண்டு. சொல்லின் வரலாற்றையும் கூறும் ஆங்கில அகராதி ஒன்றைத் தேடிக்கொள்க. சிறு கவிதை ஒன்றை எடுத்து, விளக்கக் குறிப்பு எதனையும் பாராது, ஏழு நாள் நாடோறும் படித்துத் தம் கருத்தை எழுதிவருக. முதல் நாள் எழுதியதும் ஏழாம் நாள் எழுதியதும் வேறுபடின், இரண்டையும் ஆங்கில ஆசிரியரிடம் காட்டுக. தமிழாசிரியரிடம் கொண்டுவரினும் தடையில்லை.