எழுத்துப்பிழையும் இணையவெளிக் காவலும்

ஓர் எழுத்துப்பிழை இரண்டு கோடி அமெரிக்க டாலரைக் காத்தது என்றால் நம்புதல் அரிது. ஆயினும் அது நிகழ்ந்தது. 2016 பிப்ரவரி 4ஆம் நாள் இரவு, வங்கதேச மைய வங்கியின் கணினிகளுக்குள் மறைவாகப் புகுந்திருந்த கயவர், அவ்வங்கி நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கியில் வைத்திருந்த பணத்தில் ஏறத்தாழ 95 கோடி டாலரை மாற்றுமாறு 35 ஆணைகளை விடுத்தனர். வியாழன் இரவைத் தேர்ந்தமை தற்செயலன்று. மறுநாள் ஜும்ஆ, டாக்காவில் வங்கிக்கு விடுமுறை. டாக்கா விழிக்கையில் நியூயார்க்கில் வார விடுமுறை. அடுத்த திங்களன்று மணிலாவில் சீனப் புத்தாண்டு விடுமுறை. ஆணைகளை அச்சிட்டுக் காட்டவேண்டிய அச்சுப்பொறியையும் முடக்கியிருந்தனர்.

இலங்கைக்கு இரண்டு கோடி டாலர் அனுப்பும் ஆணையில் 'ஃபவுண்டேஷன்' என்னும் சொல் 'ஃபண்டேஷன்' எனப் பிழைபட்டிருந்தது. ஐயுற்ற வங்கியார் விளக்கம் கேட்கவே பணம் தப்பியது. (தமிழாசிரியர் ஒற்றுப்பிழையைச் சிவப்பு மையால் சுழிக்கும்போது முகஞ்சுளிக்கும் மாணாக்கர் இதனை நினைவிற் கொள்க!) மணிலா சென்ற 8 கோடியே 10 லட்சம் டாலரில் பெரும்பகுதி சூதாட்ட விடுதிகளின் வழியே மறைந்தது. வங்கியில் 'ஃபயர்வால்' எனும் தடுப்பரண்கூட இல்லை என்றும், மலிவான பழைய இணைப்புக் கருவிகளே பயன்பட்டன என்றும் புலனாய்வு அதிகாரி ஒருவர் கூறினார்.

சட்டமும் அமைப்பும் இருந்தால் போதும் என்பாருக்கு இலங்கை விடை தருகிறது. அங்கே 2006இல் கணினி அவசரநிலைக் குழு அமைந்தது. 2007இல் கணினிக் குற்றச் சட்டம் வந்தது. 2015இல் புடாபெஸ்ட் உடன்படிக்கையிலும் அந்நாடு இணைந்தது. எனினும் 2023 ஆகஸ்டில் அரசு மின்னஞ்சல் அமைப்பு தாக்கப்பட்டு, ஏறத்தாழ 5,000 முகவரிகளின் மூன்றுமாதக் கடிதங்கள் அழிந்தன. காப்புப்படியும் உடன் அழிந்தது. பழைய மென்பொருளை மாற்ற 2021இலேயே திட்டமிருந்தும் பணமில்லாமல் தள்ளிப்போயிற்று. வறிய நாடுகளுக்கு வல்லரசுகள் நடத்தித்தரும் பயிலரங்குகள் இக்குறையை நீக்கா. ஆண்டுதோறும் பராமரிப்புச் செலவை ஏற்பார் வேண்டும். பயின்றவர் தாய்நாட்டிலேயே தங்கத்தக்க ஊதியமும் வேண்டும்.

நம் அயனம்பாக்கத்திலும் பிள்ளைகளை வளைகுடாவுக்கு அனுப்பிவிட்டுத் தனித்திருக்கும் முதியோர் உளர். 'டிஜிட்டல் கைது' என்று மிரட்டும் அழைப்பு அவர்களுக்கும் வரக்கூடும். அத்தகைய கைது இந்தியச் சட்டத்தில் இல்லை என்பதை அவர்தம் மொழியில் எடுத்துரைக்கத் தமிழ் மாணாக்கரினும் தக்கார் யாவர்? பணம் பறிபோயின் 1930 என்ற எண்ணை உடனே அழைத்தல் வேண்டும். கணக்குவிட்டுக் கணக்கு மாறிப் பணம் மறையுமுன் அதனை முடக்க அவ்வழைப்பு உதவும்.