மரவள்ளியைக் கப்பல் கணக்கில் அளக்கலாமா?

நம்பிக்கை: எந்தக் கண்டம் அதிகம் ஏற்றுமதி செய்கிறதோ, அங்கேதான் மரவள்ளி அதிகம் விளைகிறது.

உண்மை நேர் எதிர். உலகத்து மரவள்ளிக்கிழங்கில் பாதிக்கும் மேல் ஆப்பிரிக்க மண்ணில் விளைகிறது. நைஜீரியா மட்டும் ஆண்டுக்குச் சுமார் 6 கோடி டன் தோண்டுகிறது. தாய்லாந்து தோண்டுவது ஏறக்குறைய அதில் பாதி. ஆனால் கடந்த ஐம்பது ஆண்டு ஏற்றுமதியை வரைபடமாகப் போட்டால், தென்கிழக்கு ஆசியாவின் கோடு மலைபோல ஏறி, இறங்கி, மறுபடி ஏறும். ஆப்பிரிக்காவின் கோடு தரையை விட்டு எழும்புவதே இல்லை.

இதைக் காட்டி, அங்கே விவசாயம் செய்யத் தெரியவில்லை என்று சொல்லிவிடுகிறார்கள். அந்தப் பேச்சைக் கேட்டால் எனக்கு மனம் பொறுப்பதில்லை. மேற்கு ஆப்பிரிக்க ஊர்களில் கிழங்கு எங்கே போகிறது என்று பார்த்தாலே விடை தெரிந்துவிடும். பெண்கள் தோலைச் சீவி, கிழங்கைத் துருவி, சாக்கில் கட்டி, மேலே கல்லேற்றி வைக்கிறார்கள். இரண்டு மூன்று நாளில் சாறு வடிந்து, துருவல் புளித்துவிடும். அதைச் சலித்து, அகலமான இரும்புச் சட்டியில் கைவிடாமல் கிளறி வறுத்தால் பொலபொலவென்று வருவதுதான் ‘காரி’. மாதக்கணக்கில் கெடாது. வெந்நீர் ஊற்றிக் கிளறினால் ஒரு வேளைச் சாப்பாடு. கோடிக்கணக்கானவர்களின் பசியாற்றும் இந்த உணவு ஏற்றுமதிப் புள்ளிவிவரத்தில் இடம்பெறாது. பெனினிலிருந்து எல்லை தாண்டி நைஜீரியச் சந்தைக்குப் போகும் காரி மூட்டைகளில் பலவும் சுங்க ஏட்டில் ஏறுவதில்லை.

தாய்லாந்தில் கதை வேறு. அங்கே தட்டில் இருப்பது அரிசிச் சோறு. மரவள்ளி ஆலைக்கும் கப்பலுக்கும் போகிறது. ஹெக்டேருக்கு 20 டன் அளவில் எடுக்கிறார்கள். நைஜீரியாவில் அதில் பாதிகூடத் தேறுவதில்லை என்பதும் மெய்தான். ஆனால் நைஜீரிய விவசாயி மக்காச்சோளத்தோடு ஊடுபயிராக நடுகிறார், வேண்டும்போது தோண்ட மண்ணிலேயே விட்டுவைக்கிறார். அவருக்கு அது குதிர். 2000-களின் தொடக்கத்தில் நைஜீரிய அதிபர் ஒபாசாஞ்சோவின் அரசு பெரிய ஏற்றுமதித் திட்டம் அறிவித்தபோதும் கோடு எழும்பவில்லை. தோண்டிய இரண்டு மூன்று நாளில் கெட்டுவிடும் கிழங்கு, மோசமான சாலைகள், வெளிநாட்டு விலையைவிட உள்ளூர்ச் சந்தையில் கிடைக்கும் நல்ல விலை: விற்பவர் கப்பலைத் தேடிப் போக என்ன அவசியம்?

நம்பிக்கை: ஆசியாவின் ஏற்றுமதி படிப்படியாக, உழைப்பின் பலனாக வளர்ந்தது.

உழைப்பில் குறையில்லை, படிப்படியாக என்பதுதான் தவறு. இரண்டாம் உலகப் போருக்கு முன் இந்த வணிகத்தில் பெயர் பெற்றது ஜாவா. ஆப்பிரிக்கப் பக்கத்திலிருந்து மடகாஸ்கரும் பிரான்சுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. தாய்லாந்துக்குக் கதவைத் திறந்தது ஐரோப்பாவின் வேளாண் கொள்கை. தன் விவசாயிகளைக் காக்க ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் தானிய விலையை உயர்த்தி வைத்தது. மரவள்ளிக்கோ வெறும் 6 சதவீதத் தீர்வைதான். தீவனக்காரர்கள் கணக்குப் போட்டார்கள். பார்லிக்குப் பதில் மரவள்ளியும் கொஞ்சம் சோயாவும் கலந்தால் பன்றித் தீவனம் மலிவாக முடிந்தது. நகோன் ராட்சசீமா வட்டாரத்தில் சிமெண்டுக் களங்களில் நறுக்கிய கிழங்கு வெயிலில் காய்ந்தது. காய்ந்ததைப் பெல்லட்டாக அழுத்தி ராட்டர்டாமுக்கு ஏற்றினார்கள்.

ஐரோப்பிய தானிய விவசாயிகள் கொதித்தார்கள். 1982-இல் ஐரோப்பியச் சமூகம் தாய்லாந்தோடு ஒப்பந்தம் போட்டு, மரவள்ளி இறக்குமதிக்கு ஆண்டுக்குச் சராசரி 50 லட்சம் டன்னைச் சற்றே தாண்டிய உச்சவரம்பு வைத்தது. 1992-இல் ஐரோப்பா தானிய விலையைக் குறைக்க முடிவெடுத்ததும் மரவள்ளிக்கு மவுசு போயிற்று. பிறகு சீனா வந்தது. மதுசாரத்துக்கும் ஸ்டார்ச்சுக்கும் 2015-இல் மட்டும் சுமார் 90 லட்சம் டன் வற்றல் வாங்கியது. மறு ஆண்டே மக்காச்சோளத்துக்குத் தந்த விலை ஆதரவைச் சீனா கைவிட, மக்காச்சோளம் மலிந்தது. மரவள்ளி வற்றலின் இறக்குமதி சரிந்தது. நகோன் ராட்சசீமா விவசாயியின் வருமானத்தை முதலில் பார்லியும் பிறகு மக்காச்சோளமும் தீர்மானித்தன.

நம்பிக்கை: டன்னுக்கு டன் ஒப்பிட்டால் போதும்.

போதாது. ஒரு கிலோ வற்றலுக்கு இரண்டு, இரண்டரை கிலோ பச்சைக் கிழங்கு வேண்டும்; ஒரு கிலோ ஸ்டார்ச்சுக்கு நான்கைந்து கிலோ. எதை அனுப்பினார்கள் என்று பார்க்காத ஒப்பீடு செல்லாது. கம்போடியக் கிழங்கு எல்லை தாண்டுகையில் ஒருமுறையும், தாய்லாந்திலோ வியட்நாமிலோ ஸ்டார்ச்சாகிக் கப்பல் ஏறுகையில் மறுமுறையும் எண்ணப்படுவது வேறு.

நம்பிக்கை: மரவள்ளி விஷயத்தில் ஆப்பிரிக்காவிடமிருந்து ஆசியாவுக்கு வர எதுவும் இல்லை.

1970-களில் மரவள்ளி மாவுப்பூச்சி காங்கோவில் தொடங்கி ஆப்பிரிக்கத் தோட்டங்களைக் காயவைத்தது. பூச்சியின் தாய்மண்ணான தென் அமெரிக்காவிலிருந்து, அதை அழிக்கும் ஒரு சிறு குளவியைக் கொண்டுவந்து ஆப்பிரிக்கா முழுவதும் பரப்பினார்கள். அந்தப் பணிக்குத் தலைமை தாங்கிய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995-இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. 2008 வாக்கில் அதே பூச்சி தாய்லாந்தில் புகுந்து விளைச்சலை அடித்தபோது, குளவி பெனினிலிருந்துதான் போயிற்று. 2020-இல் பூச்சி கேரளத்தில் தென்பட்டு, தமிழ்நாட்டு மரவள்ளித் தோட்டங்களுக்கும் பரவியது. 2022-இல் சேலம் வட்டாரத்தில் விடப்பட்ட குளவிகளும் பெனினிலிருந்து தருவித்த இனமே.