எண்ணெய் வளம் குறைதல்: மக்களுக்கு எடுத்துரைக்கும் முறை

உலகின் கனிம எண்ணெய் வளம் குறைந்து வருகின்றது என்னும் செய்தியைக் கிராமக் கூட்டத்திலோ வகுப்பறையிலோ எடுத்துரைக்க முற்படுவோரை முதலில் எதிர்கொள்ளும் கேள்வி பெரும்பாலும் ஒன்றே: "இன்னும் எத்தனை ஆண்டுகளுக்கு எண்ணெய் வரும்?" இதற்கு ஓர் எண்ணை விடையாகக் கூறிவிடுதல் எளிது. ஆனால் அவ்விடை பாடத்தையே கெடுத்துவிடும். அதன் காரணத்தையும், அதற்கு மாறாக எடுத்துரைக்கத் தக்கது யாது என்பதையும் ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் அறிந்திருத்தல் நலம்.

அந்த எண் எவ்வாறு கிடைக்கின்றது? அறியப்பட்ட இருப்பை ஓராண்டின் உற்பத்தியால் வகுத்தால் கிடைப்பதே அது. 1980ஆம் ஆண்டின் இறுதியில் உலக எண்ணெய் இருப்பு சுமார் 68,000 கோடி பீப்பாய் எனக் கணக்கிடப்பட்டிருந்தது. அன்றைய உற்பத்தியால் அதனை வகுத்தால் ஏறக்குறைய 30 ஆண்டுகள் வரும். அக்கணக்கின்படி 2010ஆம் ஆண்டளவில் எண்ணெய் தீர்ந்திருக்க வேண்டும். ஆயின் 2020ஆம் ஆண்டின் இறுதியில் இருப்பு சுமார் 1,73,000 கோடி பீப்பாய் என்றும், அது 50 ஆண்டுகளுக்கு மேல் வரும் என்றும் கணக்கிடப்பட்டது. முதற் கணக்கைப் பள்ளியில் கேட்டு, இரண்டாம் கணக்கைப் பிற்காலத்தில் படித்தவர், எண்ணெய்ச் சிக்கனம் பற்றி எவர் பேசினும் நகைப்பாரேயன்றிச் செவிசாய்க்கமாட்டார். இருப்பு என்பது குதிரில் அளந்து கொட்டிய நெல்லைப் போன்றதன்று. அன்றைய விலைக்கும் அன்றைய தொழில்நுட்பத்திற்கும் எடுக்கக்கூடிய எண்ணெயின் அளவே இருப்பு எனப்படும். கனடாவின் எண்ணெய் மணலும் வெனிசுவேலாவின் கனத்த எண்ணெயும் கணக்கில் சேர்க்கப்பட்டமையே இருப்பு இவ்வளவு உயர்ந்ததற்கு ஒரு பெருங்காரணமாகும்.

ஆகவே, எண்ணெய் எப்பொழுது தீரும் என்பதைவிட, எண்ணெய் எவ்வேகத்தில் வெளிவரும் என்பதே கேட்கத்தக்க கேள்வியாகும். இதனை விளங்கிக்கொள்ள எண்ணெய் நிலத்தடியில் எவ்வாறு தங்கியுள்ளது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பூமிக்கு அடியில் எண்ணெய் ஏரிபோல் தேங்கி நிற்கின்றது எனப் பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது மணற்பாறை, சுண்ணாம்புப் பாறை ஆகியவற்றின் நுண்துளைகளிலும் வெடிப்புகளிலும் ஊறிக் கிடக்கின்றது.

வகுப்பறையில் இதனைச் செலவின்றிச் செய்து காட்டலாம். ஒரு லிட்டர் கொள்ளும் பிளாஸ்டிக் குப்பியின் மேற்பகுதியை வெட்டிவிட்டு, அடியில் ஆணியால் சிறு துளையிட்டு, உட்புறம் துணித்துண்டு ஒன்றை வைத்து, உலர்ந்த ஆற்று மணலால் நிரப்புக. துளையை விரலால் அடைத்துக்கொண்டு, மணலின் மேல்மட்டம் வரை நீரை அளந்து ஊற்றுக. நிரம்பியதாகத் தோன்றிய குப்பியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு லிட்டர் நீர் அடங்கக் காண்போம். இப்பொழுது விரலை எடுத்து, ஒவ்வோர் அரை நிமிடத்திலும் வெளிவரும் நீரை மாணவர்களைக் கொண்டு தனித்தனியே அளந்து எழுதச் செய்க. முதலில் நீர் ஓடும், பின்னர்ச் சுரக்கும், இறுதியில் சொட்டும். அவ்வளவுகளை வரைபடத்தாளில் குறித்தால் கிடைக்கும் வளைகோடு, எண்ணெய் வயலின் முதுமையைக் காட்டும் வளைகோட்டை ஒத்திருக்கும். சொட்டுவதும் நின்றபின் மணலைக் கையில் எடுத்தால் ஈரம் இருக்கும். "குப்பியில் நீர் தீர்ந்துவிட்டதா?" என்று அப்பொழுது கேட்டால், மாணவர்கள் விடை கூறத் தயங்குவர். அத்தயக்கமே நாம் வேண்டுவது. எண்ணெய் வயல்களிலும் பாறையில் உள்ளதில் சராசரியாக மூன்றில் ஒரு பங்கே வெளிவருகின்றது. ஒரு வேறுபாட்டை மட்டும் மறவாது கூறுக: குப்பியில் நீரை இறக்குவது புவியீர்ப்பு, பாறையில் எண்ணெயை உந்துவது வாயுவும் நீரும் தரும் அழுத்தம். அவ்வழுத்தம் குன்றும்போது நீரையோ வாயுவையோ செலுத்தி அதனைத் தாங்கிப் பிடிக்கின்றனர்.

அவ்வாறு தாங்கிப் பிடித்தாலும் முதுமை விலகுவதில்லை. மெக்சிகோவின் காந்தரேல் வயலில் 2000ஆம் ஆண்டு முதல் நைட்ரஜன் வாயு பெருமளவில் செலுத்தப்பட்டது. உற்பத்தி விரைந்து உயர்ந்து, 2004இல் நாளொன்றுக்கு 20 லட்சம் பீப்பாயைக் கடந்தது. அடுத்த ஐந்து ஆண்டுகளில் அது மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிற்று. நமது மும்பை ஹை வயல் 1974இல் கண்டுபிடிக்கப்பட்டு, 1976இல் உற்பத்தியைத் தொடங்கியது. 1980களில் நாளொன்றுக்கு 4 லட்சம் பீப்பாய்க்கு மேல் தந்த அவ்வயல், புதிய கிணறுகள் பல தோண்டப்பட்டும், 2024இல் சுமார் 1.3 லட்சம் பீப்பாயே தந்தது. உச்சத்தைக் கடந்த வயல்களின் உற்பத்தி உலகச் சராசரியில் ஆண்டுதோறும் நூற்றுக்கு 5 முதல் 6 பங்கு குறைகின்றது எனச் சர்வதேச எரிசக்தி முகமை 2025இல் கணக்கிட்டுள்ளது. எண்ணெய்த் தொழிலில் இடப்படும் முதலின் பெரும்பகுதி, உற்பத்தியைப் பெருக்குவதற்கன்று, இக்குறைவை ஈடுசெய்வதற்கே செலவாகின்றது.

இங்கு ஓர் எதிர்வாதம் எழும். அதனை மறைத்தல் கூடாது. எம். கிங் ஹப்பர்ட் என்னும் அமெரிக்க நிலவியல் அறிஞர், தம் நாட்டின் எண்ணெய் உற்பத்தி 1965க்கும் 1970க்கும் இடையில் உச்சத்தை எட்டிப் பின் இறங்கும் என 1956இல் கூறினார். 1970இல் நாளொன்றுக்கு 96 லட்சம் பீப்பாயாக இருந்த உற்பத்தி, 2008இல் சுமார் 50 லட்சமாக இறங்கியது. அவர் கூற்று மெய்ப்பட்டது என உலகம் வியந்தது. அதன்பின், இறுகிய ஷேல் பாறையை உயர் அழுத்த நீரால் பிளந்து எண்ணெய் எடுக்கும் முறை பரவவே, உற்பத்தி 2018இல் பழைய உச்சத்தைக் கடந்தது. எனவே ஹப்பர்ட் தோற்றார் என்பாரும் உளர். இது பாதி உண்மையே. அவர் கணித்தது எளிதில் ஊறிவரும் எண்ணெயை; பின்னர் வந்தது வேறு பாறையிலிருந்து, வேறு முறையில், மிகுந்த செலவில் எடுக்கப்படுவது. ஷேல் கிணறு ஒன்றின் உற்பத்தி முதல் ஆண்டிலேயே பாதிக்கு மேல் குறைந்துவிடும். ஆதலால் உற்பத்தியை நிலைநிறுத்துவதற்கே ஓயாது கிணறு தோண்ட வேண்டியுள்ளது.

விலையேற்றத்தை வளக்குறைவிற்குச் சான்றாகக் காட்டுவதும் தவறு. 1973இல் விலை பன்மடங்கானதற்குக் காரணம் போரும் அரபு நாடுகளின் ஏற்றுமதித் தடையுமேயன்றிக் கிணறுகள் வறண்டமையன்று. 2020 ஏப்ரலில் அமெரிக்கச் சந்தையில் எண்ணெய் விலை ஒரு நாள் சுழியத்திற்கும் கீழே சென்றது. அன்று நிலத்தடியில் எண்ணெய் பெருகிவிடவில்லை. வாங்குவாரும் சேமிக்க இடமும் இல்லை, அவ்வளவே. விலையைக் காட்டி அச்சுறுத்தினால், விலை இறங்கும் நாளில் அச்சமும் அதனோடு நம்பிக்கையும் நீங்கிவிடும்.

நம் நாட்டின் நிலையைக் கூற அச்சுறுத்தல் எதுவும் தேவையில்லை. அஸ்ஸாமிலுள்ள டிக்பாயில் 1889ஆம் ஆண்டளவில் எண்ணெய் கண்ட நாடு இது. அங்கு 1901இல் நிறுவப்பட்ட சுத்திகரிப்பு ஆலை இன்றும் இயங்குகின்றது. எனினும் இந்தியாவின் கச்சா எண்ணெய் உற்பத்தி 2011-12இல் சுமார் 380 லட்சம் டன்னாக இருந்து, 2024-25இல் 290 லட்சம் டன்னுக்கும் கீழே இறங்கிவிட்டது. தேவையில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் கப்பலில் வருகின்றது. சமையல் எரிவாயுவிலும் பாதிக்கு மேல் இறக்குமதியே. விசாகப்பட்டினம், மங்களூரு, பாதூர் ஆகிய இடங்களில் பாறையைக் குடைந்து அமைத்த அவசரகாலச் சேமிப்பறைகளின் மொத்தக் கொள்ளளவு 53.3 லட்சம் டன். அவை முழுதும் நிரம்பியிருப்பினும் நாட்டுத் தேவையில் சுமார் ஒன்பதரை நாட்களுக்கே போதும். மின்சார வண்டிகள் பெருகி, எண்ணெய் வளம் குன்றுமுன்னரே தேவை குன்றும் என்று கூறும் அறிஞர்களும் உளர். அது நிகழலாம். ஆயினும் பழைய வயல்கள் குறையும் வேகத்திற்குத் தேவையும் குறையும் என எவரும் உறுதி கூற இயலாது.

சிக்கனம் பற்றிப் பேசுகையில் எது எண்ணெய்ச் சிக்கனம் என்பதில் தெளிவு வேண்டும். விளக்கை அணைத்தால் பெட்ரோல் மிச்சமாகும் என்று கூறுவோர் உண்டு. நம் நாட்டு மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்து பெறப்படுகின்றது. எண்ணெயின் பங்கு மிகச் சிறிது. விளக்கை அணைத்தல் நன்றே, ஆயின் அது வேறு பாடம். எண்ணெய் எரிவது சாலையிலும் அடுப்பிலும் வயலிலும். 1978இல் நிறுவப்பட்ட பெட்ரோலியச் சேமிப்பு ஆராய்ச்சிக் கழகம் கூறிவரும் அறிவுரைகள் இம்மூன்றையும் பற்றியவை: வண்டியை மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுதல், சக்கரங்களில் காற்றழுத்தத்தைச் சரியாக வைத்தல், நிற்கும் வண்டியின் எஞ்சினை நிறுத்துதல், பாத்திரத்தை மூடிச் சமைத்தல் போன்றவை.

உழவர் கூட்டங்களில் டீசல் பம்புசெட்டிலிருந்து தொடங்குதல் சாலச் சிறந்தது. உறிஞ்சு குழாயின் அடியிலுள்ள புட்வால்வின் துளைகள் சிறியனவாக இருப்பினும், குழாய் குறுகியதாகவோ தேவையற்ற வளைவுகள் உடையதாகவோ இருப்பினும், அதே நீரை இறைக்க டீசல் மிகுதியாகச் செலவாகும். ஒரே தொட்டியை நிரப்ப ஆகும் டீசலை மாற்றத்திற்கு முன்னும் பின்னும் அளக்க வேண்டும். அளப்பவர் களப்பணியாளராக இராமல், பம்புசெட்டுக்கு உரிய உழவராகவே இருத்தல் நன்று.