மண்ணில் நிலைத்து நிற்க வைப்பது எது? ஆமிஷ் உழவர்களிடம் ஒரு பாடம்



நம்ம இயக்கத்தின் பயிற்சிகளுக்கு வருகிற இளைஞர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "சார், கம்பெனி வேலையில மனசு ஒட்டல. விட்டுட்டு விவசாயத்துக்கு வந்துடலாமா?" நான் வங்கியில் இருந்து வந்தவன். அதனால் முதலில் கணக்கைத்தான் கேட்பேன். நிலம் எத்தனை ஏக்கர், தண்ணீர் எப்படி, இரண்டு வருஷம் வருமானம் இல்லாமல் வீடு ஓடுமா என்று. ஆனால் கணக்கு சரியாக இருந்தும் மூன்றாம் வருஷம் திரும்பிப் போனவர்கள் இருக்கிறார்கள். கணக்கு உதைத்தும் நிலைத்து நிற்பவர்கள் இருக்கிறார்கள். அப்படியானால் ஒருவரை மண்ணில் நிறுத்தி வைப்பது எது?

இதற்குப் பதில் தேடும்போது நான் விரும்பிப் படிப்பது அமெரிக்காவின் ஆமிஷ் மக்களைப் பற்றி. நம்பிக்கையையும் தொழிலையும் பிரிக்காமல் 300 ஆண்டுகளுக்கு மேலாக வாழ்ந்துவரும் கூட்டம் அது. அவர்களுடைய மதம் வேறு, மண் வேறு. என்றாலும் நமக்குப் பாடம் இருக்கிறது.

யார் இவர்கள்?

1525-ல் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் ஒரு கிறிஸ்தவப் பிரிவு தோன்றியது. குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில் பொருள் இல்லை, வயது வந்தவர் தானே யோசித்து முடிவெடுத்துப் பெற வேண்டும் என்றார்கள். ஆயுதம் எடுக்க மாட்டோம் என்றும் சொன்னார்கள். அதற்காகப் பலர் கொல்லப்பட்டார்கள். மிச்சம் இருந்தவர்கள் மலைப்பகுதிகளுக்கும் ஒதுக்குப்புறங்களுக்கும் ஓடினார்கள். யாரும் விரும்பாத மண்ணை எருவாலும் தீவனப் பயிராலும் திருத்தி, நல்ல உழவர்கள் என்று பெயர் வாங்கினார்கள்.

1693-ல் யாக்கோப் அம்மன் என்பவர் தலைமையில் இவர்களில் ஒரு பகுதியினர் தனியாகப் பிரிந்தார்கள். அவர் பெயரால்தான் ஆமிஷ். 18-ஆம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். 1900-ல் சில ஆயிரம் பேராக இருந்தவர்கள் இன்று 3.5 லட்சத்துக்கும் மேல். பென்சில்வேனியாவின் லாங்காஸ்டர், ஓஹியோவின் ஹோம்ஸ், இந்தியானாவின் வடபகுதி ஆகியவை இவர்களுடைய பெரிய குடியிருப்புகள். கார் வாங்குவதில்லை, குதிரை வண்டிதான். வயலில் பெரும்பாலும் குதிரையும் கோவேறு கழுதையும்தான்.

ஒன்றைக் கவனியுங்கள். பதினாறு வயதுக்கு மேல் பிள்ளைகளுக்கு வெளியுலகைப் பார்க்கக் கொஞ்சம் கயிற்றைத் தளர்த்தி விடுகிறார்கள். அதன்பிறகு ஞானஸ்நானம் பெறுவதா, போவதா என்று அவர்களே முடிவு செய்யலாம். சுமார் 85 சதவீதம் பேர் அங்கேயே தங்கிவிடுகிறார்கள். நம்ம ஊரில் விவசாயி பிள்ளைகளில் எத்தனை பேர் விவசாயத்தில் தங்குகிறார்கள் என்று எண்ணிப் பார்த்தால் இந்த எண்ணின் கனம் தெரியும்.

அழைப்பு எங்கிருந்து வருகிறது?

ஜெர்மன் மொழியில் தொழிலுக்கு 'பெரூஃப்' என்று பெயர். அழைப்பது என்ற வினையில் இருந்து வந்த சொல். செருப்புத் தைப்பவரின் வேலையும் கடவுள் அழைத்த வேலைதான் என்று மார்ட்டின் லூதர் விளக்கியதால் அந்தச் சொல்லுக்கு இந்தக் கனம் ஏறியது. ஆமிஷ் மக்கள் வீட்டில் பேசுவதும் ஒரு ஜெர்மன் வட்டார மொழிதான்.

இன்று நாம் அழைப்பு என்றால் மனசுக்குள் கேட்கிற குரல் என்று நினைக்கிறோம். 'உனக்குப் பிடித்ததைச் செய்' என்பதுதான் இப்போதைய உபதேசம். ஆமிஷ் முறை இதற்கு நேர் எதிர். அவர்கள் ஊழியரைத் தேர்ந்தெடுக்கிற விதத்தைப் பாருங்கள்.

இருபது முதல் நாற்பது குடும்பங்கள் சேர்ந்தது ஒரு சபை. கோயில் கட்டடம் கிடையாது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை யாராவது ஒருவர் வீட்டில் கூடுவார்கள். புதிய ஊழியர் தேவைப்பட்டால், ஆண்களும் பெண்களுமாக ஒவ்வொருவரும் ஒரு பெயரைக் காதோடு சொல்லுவார்கள். குறிப்பிட்ட எண்ணிக்கையில் சொல்லப்பட்ட பெயர்களுக்கு உரியவர்கள் முன்னே வருவார்கள். அவர்கள் எண்ணிக்கைக்குத் தக்கபடி பாட்டுப் புத்தகங்கள் மேசையில் இருக்கும். ஒன்றுக்குள் மட்டும் ஒரு சீட்டு. சீட்டு உள்ள புத்தகத்தை எடுத்தவர் அந்த இடத்திலேயே ஊழியர் ஆகிறார். ஆயுள் முழுக்க. சம்பளம் இல்லை, தனிப் படிப்பு இல்லை. மறுநாள் காலையில் அதே மாட்டைக் கறக்கப் போக வேண்டும். அந்தப் பொறுப்பு தன் மேல் விழுந்ததும் அழுகிறவர்கள்தான் அதிகம்.

சீட்டுக் குலுக்கல் முறையை நாம் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. எடுத்துக்கொள்ள வேண்டியது அதன் அடியில் இருக்கும் எண்ணம்: ஒருவருக்கு என்ன வேலை என்பதை அவரோடு வாழ்கிறவர்களும் சேர்ந்தே கண்டுபிடிக்கிறார்கள். விவசாயத்துக்கு வர நினைக்கும் தம்பிகளுக்கு நான் சொல்வதும் இதுதான். உங்கள் மனசு சொல்வதைக் கேளுங்கள், தப்பில்லை. ஆனால் பக்கத்து வயல்காரர், வீட்டம்மா, பெற்றோர் இவர்களுக்கு உங்கள் விவசாயம் தேவைப்படுகிறதா? உங்களைப் பெயர் சொல்லி அழைக்க அந்த ஊரில் யாராவது இருக்கிறார்களா?

இயந்திரம் வருவதற்கு முன் ஒரு கேள்வி

ஆமிஷ் என்றாலே இயந்திரத்துக்கு எதிரி என்று நினைப்போம். அப்படி இல்லை. வைக்கோல் கட்டும் இயந்திரத்தில் டீசல் எஞ்சினைப் பொருத்தி, அதைக் குதிரைகளை வைத்து இழுத்துப் போவார்கள். பல இடங்களில் டிராக்டரைக் கொட்டகைப் பக்கம் நிறுத்தி பெல்ட் ஓட்டப் பயன்படுத்துவார்கள், வயலுக்குள் விடமாட்டார்கள்.

பார்ப்பவர்களுக்கு முரண்பாடாகத் தெரியும். அவர்கள் கேட்கும் கேள்வி தெரிந்தால் புரிந்துவிடும். 'இது வேலையை எவ்வளவு குறைக்கும்' என்பது இரண்டாவது கேள்வி. 'இது வந்தால் நாம் ஒருவரை ஒருவர் என்ன செய்துகொள்வோம்' என்பது முதல் கேள்வி. வயலில் டிராக்டர் வந்தால் கடன் கூடும், கடனை அடைக்க நிலம் கூட வேண்டும், அதற்குப் பக்கத்து வீட்டுக்காரன் நிலத்தின் மேல் கண் போகும், பிள்ளைகளுக்கு வயலில் வேலை இருக்காது. குதிரையோடு உழுதால் ஒரு குடும்பம் பார்க்கக்கூடிய நிலத்துக்குத் தானாகவே ஒரு வரம்பு விழுந்துவிடும்.

தொலைபேசியும் அப்படித்தான். 1910 வாக்கில் வீட்டுக்குள் வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். பிறகு மருத்துவரை அழைக்க வேண்டுமே என்ற தேவை வந்தபோது, சந்து முனையில் ஒரு சிறு பெட்டிக்கடை அளவில் அறை கட்டி, நாலைந்து குடும்பத்துக்கு ஒரு தொலைபேசி என்று வைத்துக்கொண்டார்கள். பேசலாம். சாப்பிடும்போது மணி அடிக்காது. வருஷத்துக்கு இரண்டு முறை, நற்கருணைக்கு முன்னால் சபை கூடி இந்த ஒழுங்குகளை எல்லாம் பேசி ஒத்துக்கொள்கிறது. மனஸ்தாபம் இருந்தால் அதைத் தீர்த்துவிட்டுத்தான் நற்கருணை.

நான் வங்கியில் எத்தனையோ டிராக்டர் கடன் விண்ணப்பங்களைப் பரிசீலித்திருக்கிறேன். ஏக்கர், பயிர், மகசூல், வாடகை வருமானம், தவணை, ஜாமீன் என்று எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. 'இது வந்தபின் உங்கள் வீட்டில், தெருவில் யாருடைய வேலை போகும், யாரோடு பேச்சு குறையும்' என்று ஒரு கட்டம் எந்தப் படிவத்திலும் கிடையாது. வங்கிக்கு அது தேவையில்லை, விவசாயிக்குத் தேவை. அந்தக் கட்டத்தை நாமேதான் போட்டுக்கொள்ள வேண்டும்.

ஆமிஷ் மக்கள் கடனே வாங்காதவர்கள் என்றும் நினைத்துவிடாதீர்கள். லாங்காஸ்டர் பகுதியில் பேர்ட்-இன்-ஹேண்ட் என்ற ஊரில் 2013-ல் அவர்களை நம்பியே ஒரு புது வங்கி திறந்தார்கள். குதிரை வண்டியோடு வந்து பணம் கட்டுவதற்கு அதில் தனி வழி உண்டு.

பால் வண்டியும் ஞாயிற்றுக்கிழமையும்

1960-களின் கடைசியில் லாங்காஸ்டரில் பால் நிறுவனங்கள் ஒரு நிபந்தனை போட்டன. இனி கேனில் பால் எடுக்க மாட்டோம், குளிரூட்டும் பெரிய தொட்டி வைத்தால்தான் கொள்முதல் என்று. மின்சாரக் கம்பி இழுக்க சபை அனுமதிக்காது. தொட்டி இல்லாவிட்டால் பால் வியாபாரம் படுத்துவிடும். கூடவே ஞாயிற்றுக்கிழமையும் வண்டி வரும் என்றார்கள்.

பிஷப்புகள் நிறுவனத்தாரோடு உட்கார்ந்து பேசினார்கள். டீசல் எஞ்சினால் குளிரூட்டிக்கொள்கிறோம், பாலைக் கலக்குவதற்கு 12 வோல்ட் பேட்டரி வைத்துக்கொள்கிறோம், ஆனால் ஞாயிற்றுக்கிழமை பால் தர மாட்டோம். அப்படியே முடிந்தது. அடிப்படையில் கை வைக்க விடவில்லை, மற்றதில் விட்டுக்கொடுத்தார்கள். தனி விவசாயி ஒருவர் போய் இப்படிக் கேட்டிருந்தால் கதவு சாத்தப்பட்டிருக்கும். சந்தையோடு பேச வேண்டுமானால், எதை விடலாம், எதை விடக்கூடாது என்று நமக்குள் முதலில் ஒத்துப்போயிருக்க வேண்டும்.

நம்பிக்கைக்கு ஒரு விலை உண்டு

அரசின் முதியோர் காப்பீட்டுக்கு ஆமிஷ் மக்கள் பணம் கட்ட மறுத்தார்கள். முதியோரைப் பார்ப்பது பிள்ளைகளின், சபையின் கடமை, அதை அரசிடம் ஒப்படைத்தால் நம் நம்பிக்கைக்கு என்ன அர்த்தம் என்றார்கள். 1961-ல் பென்சில்வேனியாவில் வாலன்டைன் பைலர் என்ற விவசாயி உழுதுகொண்டிருந்தபோது வரி அதிகாரிகள் வந்து அவருடைய மூன்று குதிரைகளை ஓட்டிப்போய் ஏலம் விட்டார்கள். வசந்த கால உழவு நேரம் அது. நாடு முழுக்கப் பேச்சானது. 1965-ல் அவர்களுக்கு விலக்கு கிடைத்தது.

ஜப்தி என்றால் என்னவென்று தெரிந்தவன் நான். உழவு நேரத்தில் மாட்டை இழப்பது எப்படிப்பட்ட அடி என்பது நமக்கெல்லாம் தெரியும். ஆனால் விலக்கு வாங்கியதோடு அவர்கள் நிற்கவில்லை. உண்மையாகவே முதியோரை வீட்டை ஒட்டிய தனிப் பகுதியில் வைத்துப் பார்க்கிறார்கள். ஒருவருடைய கொட்டகை எரிந்தால் நூற்றுக்கணக்கில் ஆட்கள் வந்து, பெரும்பாலும் ஒரே நாளில் மரச்சட்டங்களை நிமிர்த்திவிடுகிறார்கள். நம்ம புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்து மொய் விருந்தில் நோட்டு உண்டு, யார் எவ்வளவு என்று எழுதி வைப்போம். இங்கே நோட்டும் கிடையாது.

நிலம் போதாமல் போனபோது

இதுதான் நமக்கு முக்கியமான பகுதி. ஒரு வீட்டில் ஆறேழு பிள்ளைகள். நகரம் நெருங்க நெருங்க நிலத்தின் விலை ஏறியது. எல்லாப் பிள்ளைக்கும் பண்ணை வாங்கிக் கொடுக்க முடியவில்லை. இன்று பெரிய குடியிருப்புகளில் விவசாயத்தில் இருக்கும் குடும்பங்கள் பாதிக்கும் கீழ். வடக்கு இந்தியானாவில் பலர் வேன் வீடுகள் செய்யும் தொழிற்சாலைகளுக்குப் போகிறார்கள்.

பெரியவர்கள் பயந்தது தொழிற்சாலையைப் பார்த்துக்கூட இல்லை, சாப்பாட்டுத் தூக்குவாளியைப் பார்த்து. அப்பா காலையில் வாளியோடு கிளம்பிப் போய்விட்டால், பிள்ளை யாரைப் பார்த்து வேலை கற்கும் என்று கவலைப்பட்டார்கள். அதனால் ஒரு கேள்வியைப் பிரித்துப் பார்த்தார்கள். விவசாயத்தில் எது நமக்கு உயிர்? குடும்பம் ஒன்றாக இருப்பது, பிள்ளை கூடவே கற்பது, அக்கம்பக்கத்துக்குப் பயன்படுவது. அப்படியானால் அந்த மூன்றும் இருக்கிற வேறு தொழில் எது? வீட்டுக்குப் பின்னாலேயே தச்சுப் பட்டறை, சேணம் தைக்கும் பட்டறை, இரும்புப் பட்டறை என்று ஆயிரக்கணக்கில் உருவாயின. ஒரு பட்டறை மிகப் பெரிதானால் சபையே கவலைப்படும்.

நிலத்தோடு நின்றவர்களும் வழி தேடினார்கள். 1980-களில் லாங்காஸ்டரின் லியோலாவில் காய்கறி ஏல மண்டி தொடங்கியது. சில ஏக்கரிலேயே காய்கறி போட்டுப் பிழைக்க வழி வந்தது. பிறகு மற்ற குடியிருப்புகளிலும் இப்படிப்பட்ட மண்டிகள் வந்தன. ஓஹியோவில் குதிரை வண்டிக்காரர்களே சேர்ந்து கிரீன் ஃபீல்டு ஃபார்ம்ஸ் என்ற கூட்டுறவை வைத்து இயற்கைப் பால், முட்டை விற்கிறார்கள். ஹோம்ஸ் பகுதியில் டேவிட் கிளைன் என்ற ஆமிஷ் உழவர் சிறு பண்ணைகளுக்காகவே ஒரு பத்திரிகை நடத்தினார். சோளம், ஓட்ஸ், கோதுமை, பிறகு க்ளோவர் கலந்த தீவனப்புல் என்ற பழைய பயிர்ச் சுழற்சியும், புல் தரையில் எரு போட்டு மடக்கி உழுது மீண்டும் சோளம் விதைப்பதும் அவர் போன்றவர்களின் வழி.

நாம் எடுக்க வேண்டாதவை

எல்லாவற்றையும் தலையில் வைத்துக் கொண்டாட வேண்டியதில்லை. பள்ளிப் படிப்பு எட்டாம் வகுப்போடு முடிகிறது. 1972-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே இதை அனுமதித்தது. படித்ததால் வாழ்வு பெற்ற நம் பிள்ளைகளுக்கு அது பொருந்தாது. ஞானஸ்நானம் பெற்றபின் விலகினால் ஒதுக்கி வைக்கிறார்கள். இந்த ஒதுக்கலை நம் ஊர்களில் பார்த்தவர்களுக்கு அதன் கொடுமை தெரியும். ஊழியப் பொறுப்பு ஆண்களுக்கு மட்டுமே. இன்னொன்று, ஆமிஷ் என்றால் இயற்கை விவசாயி என்று பொருள் இல்லை. பலர் ரசாயனம் தெளிக்கிறார்கள். லாங்காஸ்டரில் நீண்ட காலம் புகையிலைதான் பணப்பயிர். வாழ்க்கை எளிமையாக இருந்தால் மண்ணும் தானாகக் காப்பாற்றப்படும் என்று நாம் நம்பிவிடக் கூடாது. அதற்குத் தனிப் படிப்பும் தனி அக்கறையும் வேண்டும்.

நம் குழுக்களுக்கு

பத்துப் பேர் உள்ள எந்த உழவர் குழுவும் வருஷத்துக்கு இரண்டு முறை, விதைப்புக்கு முன் ஒன்று, அறுவடைக்குப் பின் ஒன்று, உட்கார்ந்து இந்தக் கேள்விகளைப் பேசலாம்.

1. இந்த வருஷம் வாங்க நினைக்கும் கருவி எது? அதனால் யாரோடு வேலை செய்வது குறையும்? பொதுவில் வைத்துக்கொள்ள முடியுமா?

2. வியாபாரி என்ன விலை சொன்னாலும் நாம் விடக்கூடாத ஒன்று எது? எல்லோரும் ஒரே பதில் சொல்கிறோமா?

3. நம்மில் ஒருவர் இரண்டு மாதம் படுத்துவிட்டால் அவர் வயலை யார் பார்ப்பது? பெயர் சொல்லி முடிவு செய்யுங்கள்.

4. நம் பிள்ளைகள் வாரத்தில் எத்தனை மணி நேரம் நம்மோடு வேலை செய்கிறார்கள்? நிலத்துக்கு வராவிட்டாலும் அருகில் இருந்து செய்யக்கூடிய தொழில் எது? செக்கு, நாற்றங்கால், விதை, கருவி பழுதுபார்ப்பு என்று பட்டியல் போடுங்கள்.

5. புதிதாக வந்திருக்கும் தம்பி அல்லது தங்கைக்கு நாம் கொடுத்திருக்கும் பொறுப்பு என்ன?

ஐந்தாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். புதிதாக வருகிறவருக்கு நாம் பயிற்சி கொடுக்கிறோம், விதை கொடுக்கிறோம், புத்தகம் கொடுக்கிறோம். 'விதைத் திருவிழாக் கணக்கு இனி உன் பொறுப்பு தம்பி' என்று ஒரு வேலையைக் கொடுத்துப் பாருங்கள். வருஷம் முழுக்க அவரைத் தேடி நாலு பேர் வருவார்கள். அவர் நிலைப்பதற்கு அந்த நாலு பேர் போதும்.